இருபத்தைந்து நடை

எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குக் 'கரண்டு வைப்பது' என்று பெயர். "அவங்களுக்குக் காஞ்சிபுரத்துல கரண்டு வைக்கிறாங்களாம்" என்று தெருவில் யாரேனும் குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும். என்ன நோய், எந்த மருத்துவமனை, அந்த வீட்டில் பேசிவைத்த கல்யாணம் ஏன் தள்ளிப்போகிறது என்பதெல்லாம் கேட்பவருக்கு விளங்கிவிடும். நோயின் பெயரை ஒருவரும் உச்சரிக்க வேண்டியதில்லை. செத்தாரைத் துஞ்சினார் என்று சொல்வதை இலக்கணம் மங்கலம் என்னும் தகுதி வழக்கில் சேர்க்கும். வகுப்பில் அதற்குப் பழைய எடுத்துக்காட்டுகளையே ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருந்த நான், சில காலமாக இந்தக் 'கரண்டை'யும் சேர்த்துச் சொல்கிறேன். மாணவர்களில் இரண்டு மூன்று பேராவது உடனே தலை குனிந்துகொள்வதைப் பார்க்கிறேன்.

சொல்லுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பழைய கோபால்ட் இயந்திரத்தில் கதிர் மின்சாரத்தால் உண்டாவதன்று. கவசத்துக்குள் இருக்கும் கோபால்ட்-60, விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும், ஞாயிறானாலும் பொங்கலானாலும், தன்பாட்டுக்குக் கதிரைச் சொரிந்துகொண்டே இருக்கும். 5.27 ஆண்டுகளில் அதன் வலிமை பாதியாகிவிடும். அதன்பின் அதே அளவு கதிரைப் பெற நோயாளி இருமடங்கு நேரம் படுத்திருக்க வேண்டும். வெளியே வரிசை அதற்கேற்ப நீளும். பயன்படுத்தாமல் பூட்டி வைத்தாலும் மூப்படையும் இயந்திரம் அது. பின்னால் வந்த லீனியர் ஆக்சலரேட்டர் வேறு வகை. மின்னணுக்களை நுண்ணலையால் முடுக்கி, டங்ஸ்டன் தகட்டில் மோதவிட்டு எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. மின்சாரம் நின்றால் கதிரும் நின்றது. ஆக, கோபால்ட் காலத்தில் பிழையாக இருந்த ஊர்ச்சொல், இயந்திரம் மாறியதும் தானாகவே சரியாகிவிட்டது. மக்கள் வழக்குக்கு இப்படிச் சில நேரம் அதிர்ஷ்டம் வாய்ப்பதுண்டு.

எங்கள் பெரியம்மாவுக்கு 2023 பிப்ரவரியில் கரண்டு வைக்கத் தொடங்கினார்கள். அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்கு மேலாகியிருந்த நிலையில் மறுபடியும் உதிரம் பட்டிருக்கிறது. ஏழெட்டு மாதம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மருமகளிடம் சொல்ல வெட்கம், மகனிடம் சொல்லக்கூடியதன்று. என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் தங்கையிடம் ஒருவேளை சொல்லியிருப்பார். இடுப்பு வலி பொறுக்க முடியாமல் போனபிறகுதான் மருத்துவரைப் பார்த்தார். அங்கிருந்து காரப்பேட்டைக்கு எழுதிக் கொடுத்தார்கள். கருப்பைவாய்ப் புற்று. அறுத்தெடுக்கும் கட்டம் கடந்துவிட்டது, இனிக் கதிர்வீச்சுதான். வாரத்துக்கு ஐந்து நாளாக இருபத்தைந்து முறை வெளியிலிருந்து கதிர்; வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து; அதெல்லாம் முடிந்தபின் கருப்பைவாய்க்கு அருகிலேயே கதிர்மூலத்தைச் செலுத்தும் உள்கதிர்ச் சிகிச்சை சில முறை. இந்தக் கட்டத்தில் இந்த நோய்க்கு உலகில் எங்கே போனாலும் ஏறத்தாழ இதைத்தான் செய்வார்கள். செலவு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் போயிற்று. மருத்துவத்தைப் பற்றிக் குறை சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

பிள்ளைப்பாக்கத்தைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்டது. ஒரு பெரிய ஏரி உண்டு. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்தைக் கண்ணால் கண்டவர்களில் என் தலைமுறைதான் கடைசி. பிறகு சிப்காட் வந்தது. பெரியம்மாவின் ஒன்றரை ஏக்கர் அதில் போயிற்று. பணம் வந்தது, பணமும் போயிற்று. இப்போது சுற்றிலும் கார் உதிரிபாகம், கண்ணாடி, கைப்பேசி உறுப்புகள் என்று ஆலைகள். இதைக் கிராமம் என்றாலும் சிரிப்பார்கள், நகரம் என்றாலும் சிரிப்பார்கள். கிழக்கே அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மேற்கே காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. இரண்டுமே நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்குள். இடையே தேசிய நெடுஞ்சாலை. பன்னாட்டு அணுசக்தி முகமை 2022இல் 'நம்பிக்கைக் கதிர்கள்' என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆப்பிரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரு கதிர்வீச்சு இயந்திரம்கூட இல்லை என்று சொன்னது. அந்தக் கணக்கில் பார்த்தால் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

மருத்துவர் இருபத்தைந்து முறை என்றதும் பெரியம்மா கேட்டது இது: "அம்மாந் தூரம் தெனம் வரணுமா? ஒரே நாள்ல மொத்தமா வச்சிட முடியாதா சார்?" மருத்துவர் புன்னகைத்துவிட்டு, உடம்பு தாங்காதும்மா என்றார். கேட்டவர் எழுத்தறியாதவர் என்பதால் அது பாமரக் கேள்வியாகிவிடாது. நூறாண்டுக்கு முன் மருத்துவ உலகம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே முறையில் பெரும் அளவைக் கொடுப்பவர்கள் ஒரு கட்சி. பிரித்துக் கொடுப்பவர்கள் இன்னொரு கட்சி. பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் குளோது ரெகோ என்பவர் ஆட்டுக்கிடாவின் விதைப்பையில் சோதித்தார். மலடாக்கும் அளவு கதிரை ஒரே முறையில் கொடுத்தால் மேல்தோல் வெந்து போயிற்று. பல நாட்களாகப் பிரித்துக் கொடுத்தபோது உள்ளே வேண்டிய விளைவு கிடைத்தது, தோலும் பிழைத்தது. வேகமாகப் பெருகும் அணுக்கள் ஒரு நாளின் அடியிலிருந்து மறுநாளைக்குள் எளிதில் தேறுவதில்லை. இயல்பான அணுக்கள் இரவில் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்கின்றன. அவருடன் பணியாற்றிய ஆன்றி கூத்தார் 1920களில் இதைத் தொண்டைப் புற்று நோயாளிகளிடம் செய்து காட்டினார். இந்த வேறுபாட்டின்மேல்தான் கதிர்வீச்சு மருத்துவம் முழுவதும் நிற்கிறது.

பாரிஸில் இராப் பழுதுபார்ப்பைக் கண்டுபிடித்தபோது, அதன் விலை நடையாகக் கொடுக்கப்படும் என்பதை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். பிள்ளைப்பாக்கத்திலிருந்து காரப்பேட்டைக்குப் போய்வர எண்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இருபத்தைந்து முறைக்கு 2000 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டில்லிக்குப் போவதற்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் தூரம் முழுவதையும் வயிற்றுப்போக்கோடும் குமட்டலோடும் போக வேண்டும். நோயாளி கதிரின் கீழ் படுத்திருப்பதோ ஒவ்வொரு நாளும் சில நிமிடம்.

தமிழ்நாட்டுக்கு இந்த மருத்துவம் புதியதன்று என்பதையும் சொல்லவேண்டும். சென்னைப் பொது மருத்துவமனை வளாகத்தில் பார்னார்டு கதிரியல் நிலையம் 1934இலேயே வந்துவிட்டது. முத்துலட்சுமி ரெட்டி, 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். முப்பதாண்டுக்காலம் அதை மனத்தில் வைத்திருந்து, 1954இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளுடன் ஒரு குடிலில் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டு வந்து சேர்ந்து 2021இல் மறையும்வரை அங்கேயே இருந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். ஆசியாவின் முதல் கோபால்ட் இயந்திரம் 1957இலும், இந்தியாவின் முதல் லீனியர் ஆக்சலரேட்டர் 1976இலும் அங்கேதான் நிறுவப்பட்டன என்று அந்நிறுவனத்தின் வரலாறு கூறும். ஆக, இயந்திரம் நம்மிடம் காலத்தோடு வந்தது. வந்த இயந்திரத்தின் அடிக்கு ஆள் எப்படி வருவான் என்பதை மட்டும் ஆளிடமே விட்டுவிட்டோம்.

காரப்பேட்டைக்கு வேறொரு கதை. அண்ணாவுக்கு உணவுக்குழாயில் புற்று. 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நடந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அதே 1969இல் அவர் பிறந்த காஞ்சிபுரத்தை ஒட்டி இந்த மருத்துவமனை தொடங்கப்பட்டது. படித்துக்கொண்டிருந்த மேரி கொரெல்லியின் நாவலை முடித்துக்கொள்ள அறுவை சிகிச்சையை ஒரு நாள் தள்ளிவைக்கக் கேட்டார் என்று ஒரு கதையை மேடைகளில் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, இலக்கியக்காரர்களுக்குப் பிடித்த கதை. காரப்பேட்டையில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது பலமுறை நினைவுக்கு வந்தது. அந்த வரிசையில் இருந்தவர்கள் எல்லோருக்குமே நாளைத் தள்ளிவைக்க ஒரு காரணம் இருந்தது: நாற்று நடவு, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் மகள், கன்று ஈனும் பசு. ஒருவரிடமும் நாவல் இருக்கவில்லை. ஆனால் எல்லாமே நியாயமான காரணங்கள்.

தொலைவிலிருந்து வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளப் படுக்கை உண்டு. பெரியம்மாவுக்கும் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். தம்பியின் மனைவி கைப்பேசி உறுப்பு செய்யும் ஆலையில் வேலை செய்கிறாள். முதல் ஷிப்டுக்கு விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனிப் பேருந்து வந்து தெருமுனையில் நிற்கும். தம்பிக்கு ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறும். எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். அவர்களுக்குத் தலைவாரிச் சோறு கட்டிப் பள்ளிக்கு அனுப்ப பெரியம்மாவை விட்டால் ஆளில்லை. எனவே பிள்ளைகளை அனுப்பிவிட்டு எட்டரைக்குக் கிளம்புவது, நகரப் பேருந்தில் ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து காஞ்சிபுரம் வண்டி, பத்தரை பதினொன்றுக்கு அங்கே, நாலு மணிக்கு முன் வீடு என்று ஏற்பாடாயிற்று. நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை; காஞ்சிபுரம் வண்டியில் உண்டு.

இனி உடன் போகிறவர் கணக்கு. தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளிலும் தம்பி மனைவி பென்சிலால் ஒரு பெயரை எழுதிவைத்தாள். இருபத்தைந்து முறையில் தம்பி ஒன்பது நாள், நான் ஏழு, அவள் நான்கு, எதிர்வீட்டு அம்மாள் மூன்று, யாரும் இல்லாமல் பெரியம்மா தனியாக இரண்டு. என் ஏழு நாளும் தற்செயல் விடுப்பில் கழிந்தன. ஆண்டுக்குப் பன்னிரண்டு உண்டு, ஊதியம் குறையாது. ஒருவனுடைய விடுப்பு விதிகள் அவனுடைய பெரியம்மாவின் ஆயுளில் ஒரு பங்கு என்று முன்பு எனக்குத் தோன்றியதில்லை. தம்பிக்கோ அது நாளுக்கு அறுநூறு ரூபாய். அத்துடன் வருகைப் படி என்று ஒன்று. மாதத்தில் இரண்டு நாள் வராவிட்டால் அது முழுதும் இல்லை. அவன் ஆலையின் ஆள் இல்லை, ஆலைக்கு ஆள் பிடித்துத் தருகிற ஒப்பந்ததாரரின் ஆள். மூன்றாம் வாரத்தில் மேற்பார்வையாளர் கூப்பிட்டு, "உன் எடத்துல வேற பையனப் போட்டாச்சு, அம்மா வேல முடிஞ்சதும் வா, பாக்கலாம்" என்றாராம். கடுமையாகப் பேசவில்லை என்று தம்பியே சொன்னான். வரிசையில் ஓர் இடம் காலியானால் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் 1948ஆம் ஆண்டினது. நம் நாட்டுச் சட்டங்களில் அன்புள்ள சட்டம் என்று இதைச் சொல்வேன். காப்பீடு பெற்ற தொழிலாளி நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். புற்றுநோய் போன்ற நெடுநோயானால், போதிய காலம் சந்தா கட்டியிருந்தால், 80 விழுக்காடு, இரண்டாண்டு வரை. அவனைச் சார்ந்த தாய் தந்தையருக்கும் மருத்துவம் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியும் இதில் அடக்கம். ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் ஆலைதான் கட்ட வேண்டும். ஏட்டில் இத்தனையும் இருக்கிறது. தம்பிக்கு ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் அட்டையில் ஓர் இடைவெளி விழும். பெரியம்மாவின் நோய் சரியாக ஓர் இடைவெளிக்குள் வந்து மாட்டிக்கொண்டது. அதை விடுங்கள். அட்டை ஒழுங்காக இருந்திருந்தாலும், நோயுற்ற தாயை இருபத்தைந்து நாள் கையைப் பிடித்து அழைத்துப்போகும் மகனுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. சட்டம் நோயாளியைப் பார்க்கிறது. துணையைப் பார்க்கவில்லை. மருத்துவமனையோ துணை இல்லாமல் வந்தவரைப் பார்த்தால் "கூட யாரும் வரலியா?" என்றுதான் முதலில் கேட்கிறது.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது மூன்றாம் வாரத்தில் நடந்த இன்னொன்று. உதிரம் நின்றுவிட்டது. பதினாலாம் நாளுக்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை. பெரியம்மாவின் முகம் தெளிந்தது. அன்றிரவே பையன் வேலை போனதும் தெரிந்தது. மறுநாள் காலை அவர் சேலை மாற்றவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் தொலைபேசியில் கேட்டபோது, "நின்னுபோச்சு கண்ணு. வந்தது இதுக்குத்தான? ஒரு உசுரு தேறுறதுக்கு ஒரு குடும்பத்த நடுத்தெருவுல விடுறதா?" என்றார். அதில் வாதத் திறமை ஒன்றுமில்லை. வெறும் கூட்டல் கழித்தல். அறிகுறி மறைந்ததும் சிகிச்சையை விட்டுப்போகிறவர்களை அறியாமைக்காரர்கள் என்று படித்தவர்கள் எழுதுவதை நான் வாசித்திருக்கிறேன். அறியாமை கொஞ்சம் உண்டுதான். ஆனால் அந்த வெங்காயக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு, வருகிற பதினோரு நாளின் விலை பைசாச் சுத்தமாகத் தெரிந்திருந்தது. அந்தப் பதினோரு நாளின் பயன் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியாதது.

மூன்று நாள் போகவில்லை. கருப்பைவாய்ப் புற்றில் வெளிக்கதிர், உள்கதிர் எல்லாவற்றையும் சேர்த்து எட்டு வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள், முடித்துவிட வேண்டும் என்பது மருத்துவ விதி. அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு நாளும் நோய் அடங்கும் வாய்ப்பில் நூற்றுக்கு அரையிலிருந்து ஒரு பங்கு வரை குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எஞ்சி நிற்கும் புற்றணுக்கள் இடைவெளியில் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. ஆடிப்பட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து போனவனின் நிலம்போல. நான்காம் நாள் அவரை அழைத்துப்போனது எதிர்வீட்டு அம்மாள். நாங்கள் எல்லோரும் சொல்லியும் கேளாதவர், அவர் வந்து நின்று "பாதி வெந்த சோத்த யாராவது எறக்குவாங்களா? எந்திரி" என்றதும் எழுந்தார். மொத்தமும் முடிந்தபோது ஐம்பத்தெட்டு நாளாகியிருந்தது.

அந்த நாட்களில் நான் விடியற்காலையில் பிள்ளைப்பாக்கத்தில் தங்கிய இரவுகளுக்குப் பின் தெருமுனைக்குப் போய் நிற்பேன். நாலே முக்காலிலிருந்து வெள்ளைப் பேருந்துகள் வரத் தொடங்கும். செய்யாறு, உத்திரமேரூர், இன்னும் தொலைவிலிருந்தெல்லாம் பெண்களை ஏற்றிக்கொண்டு இந்த ஆலைகளுக்கு நாள்தோறும் வந்து சேரும் வண்டிகள். எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார், எத்தனை மணிக்கு, ஒருவர் வராவிட்டால் யாருக்குத் தகவல் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு. ஓட்டுநர் ஐந்து நிமிடம் பிந்தினால் கேள்வி உண்டு. நூறு ஊர்களில் சிதறிக் கிடக்கும் பல்லாயிரம் பேரைக் குறித்த நேரத்தில், குறித்த இயந்திரத்தின் முன், ஆண்டு முழுவதும் கொண்டுவந்து நிறுத்தும் கலை இந்தச் சாலைக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எட்டரை மணிக்கு அதே சாலையில் பெரியம்மா கையைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஷிப்டை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டிகள் அவரைக் கடந்து போகும். அவருக்கும் வாரத்தில் ஐந்து நாள், குறித்த நேரத்தில், குறித்த இயந்திரத்தின் முன் நிற்கும் வேலைதான் இருந்தது.

தாலுகாவுக்கு ஒரு லீனியர் ஆக்சலரேட்டர் வேண்டும் என்று நண்பர்கள் சிலர் மேடையில் பேசுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் அந்த இயந்திரத்துக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் கனமுள்ள கான்கிரீட் சுவர் வேண்டும். தடையில்லாத மின்சாரம், குளிரூட்டி, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாகக் கதிர்வீச்சு மருத்துவரும், அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளரும், பயிற்சி பெற்ற தொழில்நுட்பரும் வேண்டும். கட்டடத்தை ஆறு மாதத்தில் எழுப்பலாம், இயற்பியலாளரை எழுப்ப முடியாது. பாபா அணு ஆராய்ச்சி மையம் இந்நாட்டுச் சூழலுக்கென்றே உருவாக்கிய பாபாட்ரான் என்னும் கோபால்ட் இயந்திரம் 2000களின் நடுவில் வந்தது. கரண்டு நிலையில்லாத ஊர்களுக்கு அது இன்றும் பொருந்தும். அண்மை ஆண்டுகளில் மதுரை, கோவை, தஞ்சை, நெல்லை அரசு மருத்துவமனைகளுக்கு லீனியர் ஆக்சலரேட்டர் வந்திருக்கிறது. இவையெல்லாம் வேண்டியவையே. எனினும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு இயந்திரம் அருகில் வருவதைக் காட்டிலும் நாட்கள் குறைவதும், இருக்கும் நாட்களுக்கு ஒரு வண்டியும் துணைக்கு ஒரு நாட்கூலியும் கிடைப்பதும் விரைவில் ஆகக்கூடியவை என்பது என் எண்ணம்.

நாட்கள் குறையும் என்பது கற்பனையன்று. மார்பகப் புற்றுக்கு முன்பு ஐந்து வாரம் கொடுத்த கதிரை மூன்று வாரத்தில் பதினைந்து முறையாகக் கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று பிரிட்டனில் நடந்த ஆய்வின் பத்தாண்டு முடிவு 2013இல் வெளிவந்தது. 2020இல் அதே நாட்டார், தொடக்க நிலை மார்பகப் புற்றில் பதினைந்தை ஐந்தாகக் குறைத்து, ஒரே வாரத்தில் முடித்துக் காட்டினார்கள். கதிரை மிக நுட்பமாகக் குறிவைக்க முடிந்ததும், பல்லாயிரம் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததும் இதற்குக் காரணம். அவர்கள் பிள்ளைப்பாக்கத்தை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் இருபத்தைந்தை ஐந்தாக்கியவர், இருபது பேருந்துப் பயணத்தையும் இருபது நாட்கூலியையும் சேர்த்தே குறைத்திருக்கிறார். கருப்பைவாய்ப் புற்றுக்கு இந்தச் சுருக்கம் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. பெரியம்மாவின் கேள்விக்கு விடை பாதி வழியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சேக்கிழார் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர், குன்றத்தூர். அவர் சொல்லும் சுந்தரர் வரலாற்றில், ஒற்றியூரில் கண்ணிழந்த சுந்தரருக்கு இடக்கண் காஞ்சியில் கிடைக்கிறது, வலக்கண் ஆரூரில். இதைப் பாடமாக நடத்தும்போது எல்லோரும் காஞ்சிக்கும் ஆரூருக்கும் ஓடிவிடுவார்கள். இடையில் வெண்பாக்கம் என்று ஓர் ஊர் வருகிறது. அங்கே இறைவன் கண்ணைக் கொடுக்கவில்லை. ஊன்றுகோல் ஒன்றைக் கொடுத்தான். சுந்தரருக்குக் கோபம். கண்ணைக் கேட்டால் கோலைக் கொடுக்கிறாயே என்று இறைவனோடு பிணங்குகிறார். அந்தப் பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கி, பிறகு வேறிடத்தில் கட்டப்பட்டது. நானும் வெண்பாக்கத்தை ஒரு வரியில் தாண்டுகிறவனாகத்தான் இருந்தேன். இப்போது அங்கே ஒரு வகுப்பு முழுவதும் நிற்கிறேன். அந்தக் கோல் இல்லாமல் கண்ணில்லாதவர் காஞ்சிக்கு எப்படி வந்து சேர்ந்திருப்பார் என்று மாணவர்களிடம் கேட்கிறேன். தேர்வில் வராத கேள்வி என்பதால் அவர்கள் கொஞ்சம் பொறுமையிழக்கிறார்கள்.

தம்பி இரண்டு மாதம் கழித்து வேறொரு ஒப்பந்ததாரரிடம் சேர்ந்தான். புதிய அட்டை, புதிய எண். பெரியம்மா குறித்த தேதிகளில் பரிசோதனைக்குப் போய்வருகிறார். இதுவரை ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர் உள்ளே போனதும் அந்த ஐம்பத்தெட்டில் மிகுந்த இரண்டு நாள் என் நினைவுக்கு வரும். தம்பிக்கும் வருகிறது என்பது அவன் வெளியே நின்று பேசாமல் இருப்பதிலிருந்து தெரிகிறது. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

சென்ற ஆண்டு பின்தெருவில் ஒரு பெண்ணுக்கு இதே நோய், இதே இருபத்தைந்து. கணவன் லாரி ஓட்டுகிறவன், வெளியூரில். வியாழக்கிழமைகளில் அவளோடு பெரியம்மா போனார். முதல் வியாழனன்று கிளம்பும்போது நான் அங்கே இருந்தேன். இடுப்புக்குக் கதிர் வைக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் குடல் மேலே விலகி நிற்கும். நீரைக் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டிலேயே குடித்தால் பேருந்தில் தாங்காது. அங்கே போய்க் குடித்தால் நேரம் போதாது. மருத்துவமனைத் தாளில் அரை மணி முன்னதாக என்று மட்டுமே போட்டிருந்தது. பெரியம்மா அந்தப் பெண்ணின் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தம் பையில் வைத்துக்கொண்டார்.

"இப்ப வாய்ல படக்கூடாது. ராஜகுளம் தாண்டட்டும், நான் எடுத்துக் குடுக்கறேன்."